ஏழு புள்ளி ஒன்பது

வீட்டுக்குள் நான்கு விசைத்தறி.
காலை ஆறுக்குச் சுவிட்சு போட்டால்
தட்டில் இருக்கும் சோறும் ஆடும்.
சக்கரம், கம்பி, போல்ட்டு, பல்,
நாடாவை அடித்து விரட்டும் கட்டை முனையில் பூண்,
கூரை நீங்கலாக எல்லாம் இரும்பு.
எனக்குள் மட்டும் இல்லையாம்.

பள்ளிக்கு வந்த நர்ஸம்மா விரலைக் குத்தினாள்.
ஒரு சொட்டு, அதுவும்
தயங்கித் தயங்கித்தான் வந்தது.
கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு
பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்,
"சுன்னம்லா உந்தி."
பள்ளிப்பட்டுப் பிள்ளைக்குத் தெலுங்கு புரியாது என்று
யார் சொன்னார்கள் இவளுக்கு?
பஸ் ஏறினால் நகரி.
சுண்ணாம்பு போல இருக்கிறதாம் என் கண்.
சீட்டில் எழுதினாள்: 7.9, லிகிதா, ஒன்பதாம் வகுப்பு ஆ.

சிலேட்டுக் குச்சி தின்பதை
அவளிடம் சொல்லவில்லை.
அரிசி களையும்போது
ஒரு பிடி வாய்க்குள் போவதையும்,
மாடிப்படி ஏறி நின்றால்
காதுக்குள் ஐந்தாவது தறி ஓடுவதையும்.

வியாழக்கிழமை நீல மாத்திரை.
டீச்சர் கரும்பலகைக்குத் திரும்பியதும்
பாதி வகுப்பின் மாத்திரை ஜன்னலுக்கு வெளியே.
மழைக்கு மறுநாள் பார்க்க வேண்டும்,
பின்சுவரோரம் மண் நீலமாய்க் கசியும்.
அங்கே முளைத்த குப்பைக்கீரைக்கு
எங்களைவிட நல்ல ரத்தம்.

அந்த வியாழன் நான் எறியவில்லை.
விழுங்கினேன்.
குமட்டியது. மறுநாள்
கறுப்பாய்ப் போனதைப் பார்த்துப் பயந்து
யாமினியிடம் கிசுகிசுத்தேன்.
"எனக்கும்தான்டி" என்றாள்.
அவளும் விழுங்குகிறாள் என்பது
அன்றுதான் தெரியும்.

சாப்பிட்ட கையோடு டீ கூடாது என்றிருந்தது சீட்டின் பின்பக்கம்.
தறிக்கார வீட்டில் டீயை நிறுத்துவது
சாமி கும்பிடாமல் பாவு ஏற்றுவது மாதிரி.
மூன்று நாள் தலைவலி.
நாலாம் நாள், சோற்றுக்குப் பின்
பாதிக் கொய்யா.
கேழ்வரகுக் களியும் புளிச்சகீரையும்
எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு,
எனக்குத்தான் அவை
சாப்பாடாகத் தெரிந்ததில்லை.

ஈரல் வேறு விஷயம்.
ஞாயிறு அரைக்கிலோ கறியில்
ஒரு துண்டு ஈரல் கேட்டு வாங்குவார் அப்பா.
அது மௌலீஸுக்கு.
ஓடியாடுகிற பையனாம்.
அவன் ஓடுவது போனுக்குள், துப்பாக்கியோடு.
விடியலில் எழுந்து
நாலு தறிக்கும் தார் சுற்றுவது நான்.

தார் சுற்றிய காசோடு
மஸ்தான் பாய் கடைக்குப் போனேன்.
"நூறு கிராம் ஈரல்."
"தம்பிக்கா பாப்பா?"
"எனக்கு."
கத்தி ஒரு நொடி நின்றது.
பிறகு வெட்டியது. அவ்வளவுதான்.
இதற்கா ஞாயிறு ஞாயிறாய் எச்சில் விழுங்கினேன்?

நான்-ஸ்டிக் வந்த பிறகு பரண் ஏறிய வாணலி,
அதுவும் இரும்பு.
துரு தேய்த்து, எண்ணெய் காய்ந்து,
சின்ன வெங்காயம், மிளகு, கடைசியில் எலுமிச்சை.
வாசனைக்குத் தம்பி போனைக் கீழே வைத்தான்.
முதல் தடவை.

அப்போது கரண்ட் போனது.
நான்கு தறியும் நின்ற வீட்டில்
மூச்சு கேட்டது, அம்மாவுடையது,
மாடிப்படி ஏறிய என்னுடையதைப் போல.
தறிக் கட்டையில் சாய்ந்து
நின்றபடியே கண் மூடியிருந்தாள்.
கிட்டே போய்க் கீழிமையை இழுத்தேன்.

சுன்னம்.

"என்னடி பண்ற? எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்"
என்றாள் கண்ணைத் திறக்காமலே.
தட்டை நீட்டினேன்.
"மௌலீஸுக்கு வெச்சியா?"
"வெச்சாச்சு."

பொய்.

இரண்டு துண்டு எடுத்தாள், சின்னதாய்ப் பார்த்து.
பெரியதை நான் அவள் வாயில் திணித்தேன்.
கரண்ட் வந்துவிட்டது.
மென்றுகொண்டே போனாள்
சுவிட்சைப் போட.